நிருஷாவுக்கு ஒரு கல்லூரி

என் தங்கை நிருஷா எதையும் சோதிக்காமல் நம்பமாட்டாள். மூலைக்கடையில் பால் வாங்கினாலும் பின்வரிசையில் கைவிட்டு எடுத்துத் திகதி பார்ப்பாள். அப்பா அருமைநாதனின் குணம் அது.

2004இல் பதினோராம் வகுப்பை முடிக்கவிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய இந்தப் பிரெஞ்சு பேசும் ஊரில், பல்கலைக்கழகத்துக்கு முன் இரண்டு வருடம் கல்லூரியில் படிக்கவேண்டும். நகரின் நடுவில் இருந்த கல்லூரியில் விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டாள். அப்பாவுக்கோ நகருக்கு வெளியே, ரொக்ஸ்பரோப் பக்கத்துத் தனியார் கல்லூரிதான் பிடித்திருந்தது.

"அங்கை எல்லாரும் பாஸாம். கோயிலிலை கண்ட கூட்டாளி நகுலேஸ்வரன் சொன்னவர்," என்றார்.

அப்பா மறித்தால் அவள் போகமுடியாது. நகரக் கல்லூரியை வேவு பார்க்க என்னை அனுப்பினார். பத்தாம் வகுப்போடு நின்று, ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்குபவன் நான். லீவு எடுத்துப் போய் வாசலுக்கு எதிரே நின்றேன். படிப்பு நேரத்தில் பிள்ளைகள் தெருவெங்கும் கோப்பியும் சிகரெட்டுமாக நின்றார்கள். பக்கத்தில் பில்லியர்ட்ஸ் கடை. அவர்களைக் கடந்துபோன ஆசிரியர் "பொன்ஜூர்" சொன்னாரே தவிர அதட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த நேரம் வெளியே நிற்பவன் வகுப்புக்குக் கள்ளமடித்தவன். கண்டதைக் கண்டபடி வீட்டில் சொன்னேன்.

"பாத்தியே!" என்றார் அப்பா நிருஷாவிடம்.

"அண்ணை, நீ சீ.ஐ.டி. வேலைக்குச் சரிவரமாட்டாய்," என்றாள் நிருஷா. "அங்கை ஒவ்வொருத்தருக்கும் வேற வேற நேரசூசி. இடையிலை வகுப்பில்லாட்டி வெளியாலைதான் நிப்பினம்."

"சிகரெட்டும் நேரசூசியிலை இருக்கோ?" என்றார் அப்பா.

"சரி, உங்கடை கொலிஜையும் பாப்பம்," என்றாள் நிருஷா.

சனிக்கிழமை மூவரும் போனோம். பனி வழித்த பாதை, வாசலில் ஒரு சனமில்லை. அப்பாவின் முகம் மலர்ந்தது. சுற்றிக் காட்டிய பெண், போன வருடம் கடைசிச் சோதனையில் எல்லோரும் சித்தியடைந்தார்கள் என்றாள். நிருஷா பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு உடற்பயிற்சிக் கூடத்தைக் காட்டினாள். நிருஷா விடாமல் மறுபடி கேட்டாள்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"சேரேக்கை எத்தினைபேர் எண்டு கேட்டனான். ஏலாத பிள்ளையளை முதல் வருசமே வேற இடம் பாக்கச் சொல்லுவினமாம். மிச்சம் நிக்கிற ஆக்கள்தான் இந்த எல்லாரும்."

சந்தையில் நாங்களும் நல்ல தக்காளியைப் பொறுக்கித்தான் மேலே அடுக்குவோம்.

ரயிலில் அப்பா நகரக் கல்லூரியைப் பற்றிக் கேட்டார்: "ரவுண் கொலிஜிலை?"

"அங்கையும் கனபேர் இடையிலை விடுகினம். நான் முந்தியே கேட்டனான்; உடனை மறைக்காமல் சொல்லிப்போட்டினம்."

எங்கள் வீடு இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் இறங்கி நடந்தோம். வீட்டுப் படியேறும்போது, "ரவுணுக்கே விண்ணப்பம் போடு," என்றார் அப்பா.

இன்றைக்கும் அந்தக் கல்லூரித் தெருவில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிறகேன் விட்டீர்கள் என்று கேட்டால், "கொலிஜை நம்பியோ விட்டனான்? இவளையெல்லோ," என்பார்.