இரண்டாம் சரணத்துக்கு முன்னால்

அமீர் ஜான் இசைத்தட்டின் மேல் ஊசியை வைப்பதற்குள் ஜெயகுமாரி இரண்டு தடவை கடைவாசலுக்குப் போய்த் திரும்பிவிடுகிறார். "உக்காருங்கம்மா" என்று ஸ்டூலை நகர்த்துகிறார் அமீர் ஜான். ஸ்டூலில் கைப்பைதான் உட்காருகிறது. பியானோ தொடங்கியதும் பழுதான ரேடியோக்கள் அடுக்கிய அலமாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாலு நிமிடம்கூட அப்படி நிற்கத் தாங்காது.

"அந்த எடத்துக்கு மறுபடியும் போங்க, பாய்."

"ஊசி தேஞ்சு போகுமுங்க."

"தேயட்டும்."

ஜெயகுமாரி ஏற்காட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாற்பத்து நான்கு வயது. காலையிலிருந்து நாலு மணி வரை யாருக்கோ யாரையோ இணைத்துக்கொண்டிருப்பார். சேலம் லைனின் கரகரப்பை வைத்தே "அடிவாரத்துல மழை பிடிச்சிருச்சு" என்று சொல்லிவிடுவார். வாழவந்தியில் தங்கை குடும்பத்தோடு இருக்கிறார். அங்கே போகும் பஸ் ஐந்து மணிக்கு. இடையில் இருக்கும் ஒரு மணி நேரம் அமீர் ஜானின் ரேடியோ ரிப்பேர் கடைக்கு.

வெளிநாடு போய்விட்ட ஒரு எஸ்டேட் முதலாளியின் பங்களாவிலிருந்து அந்தக் கடைக்கு ஒரு ரெக்கார்ட் பிளேயர் வந்தது. கூடவே ஒரே ஒரு இசைத்தட்டு. அட்டையைக் கரையான் தின்றுவிட்டது. நடுவில் ஒட்டியிருந்த தாள் ஈரத்தில் ஊறி, 'ஜாஸ் பியானோ' என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் மிச்சம். வாசித்தவர் பெயர் இல்லை. பிளேயரைச் சரிபார்க்க அமீர் ஜான் அதைச் சுழலவிட்ட நேரத்தில், தன் டிரான்சிஸ்டரை வாங்கிப்போக ஜெயகுமாரி வந்திருந்தார். சற்றுக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இந்த ஆளு தப்பா வாசிக்கிறாரா, இல்ல எனக்குத்தான் காது போச்சுங்களா?" என்றார். மறுநாளும் வந்தார். "தப்பு இல்லீங்க, பாய். தப்பு மாதிரி போக்குக் காட்டிப்போட்டுச் சரியான எடத்துல எறங்கறார்."

அதன்பின் எட்டு மாதமாகக் கேட்கிறார். பியானோக்காரர் தவிர இன்னும் இரண்டு பேர் அதில் இருப்பதைக் காட்டிக்கொடுத்ததும் அவர்தான். "பின்னால ஒருத்தர் மேளத்தைக் கூட்டிப் பெருக்கிட்டே இருக்கார் பாருங்க. இன்னொருத்தர் தடிச்ச தந்தியில நடந்து வர்றார். இவங்க ரெண்டு பேரும் இருக்கற தைரியத்துலதான் அந்த ஆளு ஊரச் சுத்தறது." மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் பியானோ நின்றுவிடும். வலது கை அடுத்து எங்கே விழும் என்று காத்திருக்கும் அந்த ஒரு நொடியில் ஜெயகுமாரியும் மூச்சுவிடுவதில்லை.

அதே கடையில் தையல் மிஷின் போட்டிருக்கும் அமீர் ஜானின் மனைவி ரஹமத் பீவி ஒருநாள் கேட்டார்: "இதக் கேட்டா மனசுக்கு நிம்மதியா இருக்குதுங்களா, அம்மிணி?"

"நிம்மதியா? ஊட்டுக்குப் போனா இருப்பே கொள்ளறதில்லீங்க."

ஒருமுறை, "இத உடைச்சுப் போடுங்க, பாய்" என்று கத்திவிட்டுப் போனார். மறுநாள் நாலு அடித்த கையோடு வந்து நின்று, "உடைக்கலையே?" என்றார்.

மாதா கோயிலில்தான் வினை வந்தது. அங்கே காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தை இருபத்திரண்டு வருடமாக வாசித்தவர் ஜெயகுமாரி. பாடகர் குழுவுக்குத் தலைவர் ஞானசுந்தரம், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். கடந்த மே மாதம் அவருடைய மகளுக்குக் கல்யாணம். பூசையில் காணிக்கைப் பாட்டின் முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஜெயகுமாரியின் கை நின்றது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை ஒன்றாக அழுத்தினார். அந்தச் சத்தத்தில் பெண்கள் தடுமாறி மேலே போனார்கள், ஆண்கள் கீழே போனார்கள். ஞானசுந்தரம் தனியாகப் பாடிக்கொண்டு நின்றார். மணப்பெண் கண்ணில் தண்ணீர்.

"எம்புள்ள கல்யாணத்துலயா உன் சீமைக் கூத்து?" என்று கோயில் வாசலிலேயே கேட்டார் ஞானசுந்தரம். அடுத்த ஞாயிறு முதல் ஆர்மோனியத்தில் பள்ளிக்கூட வாத்தியார் தங்கராஜ் உட்கார்ந்தார்.

ஜெயகுமாரி ஞானசுந்தரத்தின் வீட்டுக்கே போனார். "புள்ளகிட்ட மன்னிப்புக் கேட்டேனுங்க. கல்யாணத்தைக் கெடுத்ததுக்கு. அந்தச் சுரத்துக்குக் கேக்கல" என்றார், அதே கோயிலுக்குப் போகும் என்னிடம். பாட்டுப் புத்தகத்தில் இருக்கிறபடியே வாசிப்பேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பி வரலாம் என்றாராம் ஞானசுந்தரம். "வாக்குக் குடுத்துப்போட்டு அப்புறம் கை கேக்கலைனா என்ன பண்றது? நீங்க ஒருக்கா வந்து அந்தத் தட்டைக் கேளுங்கண்ணா. அப்புறமேட்டுக்குத் திட்டுங்க" என்று அவரிடம் சொன்னாராம் ஜெயகுமாரி.

வந்தார். ஞானசுந்தரம் கடையில் குடையை ஊன்றிக்கொண்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் கேட்டார். "ஊட்டுக்குப் போற வழி தெரியாதவன் மாதிரியல்ல வாசிக்கறான்?"

"வழி தெரியுமுங்கண்ணா. போக மனசில்ல."

ஞானசுந்தரம் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ஏழு மாதம். ஞாயிறுதோறும் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஜெயகுமாரியின் விரல்கள் முன்பெஞ்சின் முதுகில் ஓடும். பக்கத்தில் இருக்கும் தங்கம்மா மணிக்கட்டைப் பிடித்து, "பூசையிலயாவது சும்மா இரேன்" என்பார். விரல்கள் நிற்கும். முழங்கால் ஆடத் தொடங்கும். எக்ஸ்சேஞ்சிலும் புகார்: ஒயரைச் செருகியபின் பலகையில் தாளம் போடுகிறார், பேசுகிறவர்களுக்குக் கேட்கிறது.

டிசம்பரில் தங்கராஜ் வாத்தியாருக்கு மாற்றல் வந்தது. ஞானசுந்தரம் எக்ஸ்சேஞ்ச் ஜன்னலுக்கு வந்து நின்றார். "ஞாயித்துக்கெழம வந்துரு, ஜெயா" என்றார். வாக்கு எதுவும் கேட்கவில்லை. "கை எப்படிப் போகுமோ தெரியாதுங்கண்ணா" என்று ஜெயகுமாரியே சொன்னார். "எனக்குந்தான் தெரியாது" என்றுவிட்டு அவர் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலில் இருந்தேன். காணிக்கைப் பாட்டின் முதல் சரணம் முடிந்தபோது பாடகர் குழு முழுவதும் ஆர்மோனியத்தையே பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. புத்தகத்தில் இருந்தபடியே எல்லாம் வந்தது. ஜெயகுமாரியின் ஜாக்கெட் முதுகு மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது, அந்தக் குளிரில்.

பூசை முடிந்து சனம் கலைந்தது. ஆர்மோனியத்தைப் பூட்டச் சாவியோடு வந்து நின்றார் ஞானசுந்தரம். ஜெயகுமாரி எழுந்திருக்கவில்லை. கால் மிதித்துக்கொண்டே இருந்தது. வலது கை அதே காணிக்கைப் பாட்டை மறுபடி எடுத்தது, மிக மெதுவாக. முதல் சரணம் முடியும் இடத்துக்கு வந்ததும், கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே, எதிரே விரித்திருந்த பாட்டுப் புத்தகத்தை இடது கையால் மூடி, ஞானசுந்தரத்திடம் நீட்டினார்.