யாருக்குமே பயமில்லை, சார்!

டிரைவிங் ஸ்கூல் தொழிலில் ஒரு விசேஷம்: ஓட்டத் தெரியாதவர் ஓட்டுவார், தெரிந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து குலதெய்வத்தைக் கூப்பிடுவான். மச்சானுக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்த புண்ணியவான்களே, என் அவஸ்தை உங்களுக்குப் புரியும். எண்பதுகளில் தாம்பரத்தில் எனக்கு அந்த வேலை. எங்கள் அம்பாசிடரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மற்றபடி ஆண்டவன் விட்ட வழி.

பேங்க் சார்

ஊரப்பாக்கத்து ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் ஓட்டுகிறார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மாட்டுவண்டி எங்களை ஓவர்டேக் செய்தது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு வேறு போனார். எனக்கு மானமே போயிற்று. "என்ன சார், பயமா?" என்றேன். மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"பயமெல்லாம் இல்லப்பா, ரோடுக்கு ஒரு மரியாதை கொடுக்கணும்ல!"

கோவிலம்பாக்கம் பயில்வான்

கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி இருக்கும். குறுக்கே ஓர் எருமை வந்ததும், ஐயா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்! நான் மிதித்த மிதியில் வண்டி குலுங்கி நின்றது. எருமை அசையவில்லை. பயில்வான் விரலிடுக்கு வழியாகப் பார்த்தார்.

"எனக்கு இன்னா சார் பயம்? எரும பயந்துடப் போவுதேன்னுதான் பார்த்தேன்!"

சரோஜா அக்கா

அனகாபுத்தூரில் தறி வைத்திருக்கும் குடும்பம். வீட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்டு படுத்துவிட்டார். புடவை மூட்டைகளைக் கடைக்குக் கொண்டுபோகும் பழைய காரை ஓட்ட ஆளில்லை. "லைசென்ஸ் வரலைன்னா காரை வித்துட வேண்டியதுதான் சார். சரக்கு போவாம தறி இன்னாத்துக்கு?" என்றவர், ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ரொம்ப பயமா கீது சார்." என் அனுபவத்தில் அதை ஒப்புக்கொண்ட முதல் ஆள்! "நான் இருக்கேன்ல? எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று பீற்றிக்கொண்டேன்.

டெஸ்ட் அன்று இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைப் பின்சீட்டுக்குத் துரத்திவிட்டார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். வண்டி பின்னால் நழுவியது. ஐயோ, போச்சுடா! அக்கா "முருகா!" என்று அலறிக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அப்புறம் பதறாமல் கிளப்பி மேடு ஏறிவிட்டார். பாஸ்! சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இறங்கலாம் என்றால் வலது கால் வரமாட்டேன் என்கிறது, அப்படி மரத்துப் போயிருந்தது. கைகொடுக்கக் குனிந்த அக்கா, என் காலடியில் கசங்கிச் சுருண்டு கிடந்த ரப்பர் விரிப்பைப் பார்த்தார்.

"நானாச்சும் பயமா கீதுன்னு வாயத் தொறந்து சொன்னேன். நீங்க இல்லாத பிரேக்கை மிதிச்சிக்கினே வந்தீங்களா சார்?"

அன்றிலிருந்து யாராவது "எனக்குப் பயமே கிடையாது சார்" என்று ஏறினால், நான் முதலில் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.