பீரங்கிக் குன்றின் தண்டோராக்காரர்

பிஸர்ட்டா துறைமுகத்திலிருந்து கரையோரமாக மேற்கே போனால் வரும் குன்றைப் பீரங்கிக் குன்று என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது என் தாத்தா வாற்கோதுமை விதைத்த குன்று. பிரெஞ்சுக்காரர்கள் வந்து உச்சியை வெட்டிச் சமப்படுத்தி, கடலைப் பார்த்தபடி நான்கு பீரங்கிகளை நட்டார்கள், எதிரிக் கப்பல் வந்தால் சுட. என் இளமை முழுக்க ஒரு கப்பலும் வரவில்லை. ஆனாலும் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று மாதம் ஒருமுறை கடலில் சுடுவார்கள்.

என் கணவர் அல்லாலா அங்கே பத்து வருடம் குண்டு சுமந்தார். சுடும்போது காதில் அடைத்துக்கொள்ளச் சிப்பாய்களுக்குப் பஞ்சு உண்டு, சுமக்கிறவர்களுக்குக் கிடையாது. பிறகு, குரல் பெரிய குரல் என்று அவரைத் தண்டோராக்காரர் ஆக்கினார்கள். சுடும் நாளன்று குன்றின் மேல் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். எங்கள் குடா குன்றுக்குப் பின்னால் இருப்பதால் கொடி தெரியாது. எங்களுக்கு அவர் குரல்தான் கொடி.

"வியாழக்கிழமை சுடுறாங்கோ! ஜன்னலைத் திறந்து வைங்க, கண்ணாடி போயிடும்! படகு எடுக்காதீங்க!"

அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும். அவரோ ஊரில் எல்லோரும் முணுமுணுக்கப் பழகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் சுடுவார்களா, எந்த நாள் என்று கேட்டுவர அவர் சனிக்கிழமைதோறும் குன்றின் மேல் இருந்த முகாமுக்குப் போவார். ரொட்டி கொண்டுபோகும் சாக்கில் நானும் முகாம் வாசலுக்குப் போவேன். சார்ஜெண்ட் நாளைச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, இறங்கும் வழியில் அவர் காதருகே, "அப்ப வியாழக்கிழமையா?" என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்பேன். அவர் தப்பாகக் கேட்டிருந்தால் அதிலேயே சரியாகிவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை, உப்பு எங்கே என்று அவர் கேட்டதற்கே தெரு அதிர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

"நான் என்ன நடுக்கடல்ல போற கப்பலா? எதுக்கு இப்படிக் கத்துறீங்க?" என்றேன்.

"யாருடி கத்துறது? நீதான் வாய்க்குள்ளயே பேசுற!"

எனக்குக் கோபம். ரொட்டியைத் துணியில் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று நான் போகவில்லை.

சாயங்காலம் ஊரைச் சுற்றி வந்தார். "செவ்வாய்க்கிழமை சுடுறாங்கோ!"

என் தம்பி துஹாமி பேய்க்கணவாய் பிடிக்கிறவன். மண்பானைகளைக் கயிற்றில் கோத்துப் பாறை ஓரம் இறக்கி வைப்பான். அவன் வாசலில் நின்று சிரித்தான். "மச்சான், மெதுவாக் கூவுங்க. கணவாய் எல்லாம் பானையை விட்டு ஓடிரப் போவுது. செவ்வாய்தானே? திங்கக்கிழமையே போய்த் தூக்கிடறேன்."

திங்கட்கிழமை நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். முதல் குண்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடி உடைந்து மாவில் கொட்டியது. ஊரில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை. செருப்பில்லாமல் கரைக்கு ஓடினேன். அங்கே துஹாமியின் படகு இல்லை. புதன்கிழமை பாறைகளுக்கு நடுவே அவன் உடம்பு கிடைத்தது.

"திங்கள்னுதான் சொன்னேன்" என்றான் சார்ஜெண்ட். "செவ்வாய்னுதான் சொன்னான்" என்று அல்லாலா குர்ஆன் மேல் கைவைத்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் கேட்டது. பிரெஞ்சுக்காரன் வாயையா நம்புவது என்று ஊர் முழுக்க அவர் பக்கம் நின்றது. நான் வாயே திறக்கவில்லை.

நாற்பதாம் நாள் கழித்து என் அம்மா மெஹ்ரிஸியா வந்தாள். அல்லாலா எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அம்மா பித்தளை உரலை எடுத்து, அவருக்குப் பின்னால் கல்தரையில் போட்டாள். அடுப்படியில் இருந்த பூனை ஓடியது. அவர் திரும்பவில்லை.

"உனக்குத் தெரியுமாடி?"

நான் அழுதேன்.

"அவன்கிட்ட நீதான் சொல்லணும். சொல்ற வரைக்கும் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். ஊர்ல நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், பயப்படாதே."

சொன்னால் மனிதர் உயிரோடு இருக்க மாட்டார் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம், பெருநாள் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட முகாமுக்குப் போகாமல் இருந்ததில்லை.

அடுத்த முறை சுடுவதாக அறிவித்தபோது எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அம்மா மட்டும் எங்கள் தெருமுனையில் இருந்த தன் வீட்டில் ஜன்னலைச் சாத்தித் தாழ்போட்டாள். அவர் அதன் முன் நின்று திரும்பத் திரும்பக் கூவினார். அவள் திறக்கவில்லை. கண்ணாடி உடைந்தது. அந்த இடத்தில் சாக்குத்துணியைத் தொங்கவிட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, கஞ்சிக் கிண்ணத்தைக்கூடத் தொடாமல் சொன்னார்: "பாவம்டி, மகன் போன துக்கத்துல உங்கம்மாவுக்குக் காதே போயிடுச்சு. பக்கத்துல நின்னு கூப்பிட்டும் கேக்கல."

அப்போது சொல்லியிருக்கலாம். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மூன்று வருடம் கழித்து அம்மா இறந்தாள், என் வாசலை மிதிக்காமலே. அவள் உடலைச் சுமந்த சந்தூக்கின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் அல்லாலாதான். இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவரும் போய் இருபது வருடம் ஆகிறது, கடைசிவரை சார்ஜெண்டைத் திட்டிக்கொண்டே.

அவன் திங்கள் என்றுதான் சொல்லியிருப்பான்.