டவரில் இருந்த ஆள்

மானாம்பதியை விட்டு நான் நடந்துகொண்டிருந்தபோது என் பைக்குள் நானே பேசிக்கொண்டிருந்தேன். மாலையில் நான் பேசுவதைப் பதிவு செய்து மறுநாள் காலையிலும் போடுவார்கள். கொள்முதல் நிலையம் எங்கே திறந்திருக்கிறது, எந்த ஏரியில் மதகு திறந்தார்கள், யாருடைய ஆடு காணவில்லை என்று பையிலிருந்த ரேடியோ சொல்லிக்கொண்டே வந்தது. நான் வேலையை விட்டுவிட்டது அந்தக் குரலுக்கு இன்னும் தெரியாது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். செங்கல் சூளை, லாரி கிளீனர், மைக் செட் என்று சுற்றி, கடைசியில் அந்தச் சின்ன ரேடியோ நிலையத்துக்கு ஜெனரேட்டர் பார்க்க வந்தேன். செய்தி படித்த பெண் கல்யாணமாகிப் போனதும் என்னைப் படிக்கச் சொன்னார்கள். செய்தியோடு காணாமல் போன ஆடுகளைச் சேர்த்தது என் யோசனை. பெருநகர் பக்கத்தில் நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகும் ஒரு பெண்ணின் ஆடு அப்படித்தான் கிடைத்தது. அதிலிருந்து நான் பேசி முடித்ததும் நிலையத்துக்கு அவளிடமிருந்து போன் வரும். "இன்னா, இன்னிக்கு மூக்கடைப்பா?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. எங்கேயும் தங்காத நான் அதற்காக அங்கே தங்கினேன்.

பிறகு பெருநகர்ப் பக்கம் ஒரு பாறைமேட்டில் ரிலே டவர் வந்தது. பட்டணத்து ரேடியோ நிலையம் ஒன்றின் ஒலிபரப்பைப் பிடித்து, எங்கள் அலைவரிசை எண்ணுக்குப் பக்கத்து எண்ணில் திருப்பி விட்டது. எஃப்.எம்மில் பலமான குரல் மற்றதை விழுங்கிவிடும். அவளிடமிருந்து போன் நின்றுபோனது. பவரைக் கூட்டச் சொல்லி மேலாளரை அரித்தேன். லைசென்ஸில் இவ்வளவுதான், புகார் எழுதிப் போட்டிருக்கிறோம் என்பார். அன்று காலையும் கேட்டேன். "உன் பேச்ச யாரு கேக்கறாங்கன்னு இப்படி குதிக்கிற? போய் ஜெனரேட்டரப் பாரு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஏரிக்கரை வளைவில் என் குரல் கரகரத்தது. ஓரடி பின்னால் வைத்தால் நான், முன்னால் வைத்தால் பட்டணத்து நிலையத்தில் பேசுகிற அவன். பந்தியில் நின்று உபசரிக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரன் போல எல்லோரையும் விசாரித்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு. அதுதான் தாங்கவில்லை.

அவளை நான் பார்த்ததில்லை. கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது நடவுப் பெண்கள் கஞ்சிக்குக் கரையேறியிருந்தார்கள். வேப்பங்கிளையில் மாட்டிய ரேடியோப் பெட்டியில் அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"இங்க ஆடு காணாமப் போனவங்க யாரு?" என்று கேட்டேன்.

"தோ பார்றா, ரேடியோக்காரரு!" குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "ஆளு தாட்டியா இருப்பேன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

"காத்தடிச்சா வேலிய தாண்டிப் பூடுவாரு போலக்கா" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்து ஓயும்வரை நின்றேன். "ஏன் போன் பண்றதில்ல?"

"உன்னுது எங்க வருது? திருப்பித் திருப்பி கைதான் நோவுது. அப்பால இவரு வந்துட்டாரு." பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நல்லாத்தான் பேசறாரு. நான்கூட போன் போட்டேன். என் பேரச் சொல்லி, ஊரச் சொல்லி, பாடச் சொன்னாரு. ஊரே கேட்டுச்சி."

அவள் பெயரை நான் ஒரு நாளும் ரேடியோவில் சொன்னதில்லை. யாராவது ஏதாவது பேசுவார்கள் என்று 'காதில் வெள்ளை விழுந்த ஆடு' என்றுதான் அறிவித்தேன். அவன் ஊரே கேட்கும்படி அவள் பெயரைச் சொல்லிவிட்டான்.

"அவரு அந்த டவருலதான் குந்திக்கினு கீறாராமே? பாத்தீன்னா நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள்.

சொல்வதற்குத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் கம்பி வேலியும் டவரும் ஒரு சின்ன அறையும் இருந்தன. அறை வாசலில் டெக்னீஷியன் ஒருவர் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார்.

"அந்தாளு எங்க?"

"எந்தாளு?"

"உள்ள பேசறாரே, அவரு."

அவர் கதவை அகலத் திறந்து காட்டினார். ஒரு இரும்புப் பெட்டி, அதில் சுழலும் விசிறி, மேலே ஒரு பல்லி.

"அவரு மெட்ராஸ்ல கீறாரு நைனா. இது அங்கருந்து புடிச்சி இங்க வுடும். உன்னாட்டம் முன்னயே ஒருத்தரு வந்தாரு, அவருக்குன்னு பலாப்பழம் தூக்கிக்கினு. நான்தான் துன்னேன்."

முறைப்பதற்கு ஒரு முகம்கூட இல்லை. நான் போகாமல் நிற்பதைப் பார்த்து, "ஜெனரேட்டர் தெரியுமா? இருந்தவன் ஓடிட்டான்" என்றார். தெரியும் என்றேன். அன்று அந்த அறை வாசலிலேயே படுத்தேன்.

மறுநாள் காலை வேலையில் சேர்ந்தேன். வேலிக்குள் வரும் கருவேல முள்ளை வெட்ட வேண்டும், கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் போட வேண்டும். அவர் பைக்கில் இறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. விசிறி நின்றது. நான் அவசரப்படவில்லை. கத்தியைக் கீழே வைத்து ஒரு பீடி பற்றவைத்தேன். வேப்பமரத்துப் பெட்டியில் அவன் வாயடைத்துப் போயிருப்பான். அந்தச் சந்தோஷத்தில் பையிலிருந்த ரேடியோவைத் திருகினேன்.

எங்கள் நிலையம் கணீரென்று வந்தது. காணாமல் போன ஆடுகளை மேலாளர் படித்துக்கொண்டிருந்தார். என்னைவிட நன்றாகவே படித்தார். கீழே அவள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள், முடிந்ததும் போன் போடுவாள், அவர் எடுப்பார்.

பீடியை எறிந்துவிட்டு ஓடிப்போய் ஜெனரேட்டர் கைப்பிடியைச் சுற்றினேன்.