அவர் சமைத்த பன்றி இறைச்சி

நாடு சுதந்திரம் அடைந்த வாரத்தில்தான் எங்கள் முதல் குழந்தை பிறந்து, அன்றே இறந்தது. மலாக்காவில், நாங்கள் குடியிருந்த காஜா பேராங்கில் வீட்டுக்கு வீடு கொடி பறந்தது. நான் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கஞ்சிகூட இறங்கவில்லை.

அடுப்புப் பற்றவைக்கவே தெரியாத என் கணவர், ஒரு மத்தியானம் சந்தையிலிருந்து எலும்போடு வெட்டிய பன்றி இறைச்சி வாங்கிவந்தார். விற்ற சீன அம்மாவிடமே பக்குவம் கேட்டுக்கொண்டாராம். கிச்சாப் என்ற சோயா சாற்றில் ஊறவைத்து வாட்டி, குலா மலாக்கா வெல்லத்தைப் பாகாக்கி மேலே பூசினார். பாகு தீய்ந்து வீடே புகைந்தது. இருமிக்கொண்டே தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கொஞ்சம் கரிஞ்சிடுச்சு புள்ள. உள்ளே நல்லா இருக்கும்.”

அவர் விரலெல்லாம் கொப்புளம்.

“நீங்க சாப்பிட்டீங்களா?” என்றேன்.

இல்லையென்று தலையசைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அவரும்தான். இத்தனை நாளும் அவரைச் சாப்பிடச் சொல்ல ஆளில்லை.

எழுந்து உட்கார்ந்து, கரிந்ததைக் கிள்ளிப் போட்டுவிட்டு அவருக்கு ஒரு வாய் ஊட்டினேன். பிறகு நானும் தின்றேன். இறைச்சி மெத்தென்று இனித்தது. அழுதுகொண்டே இருவரும் தட்டைக் காலி செய்தோம்.

பின்னால் மூன்று பிள்ளைகளை வளர்த்தோம். அவர் மறுபடி அடுப்படிப் பக்கமே வரவில்லை. அந்த ஒரு நாள் சமையலுக்கே நான் இன்னும் அவருக்கு நன்றி சொல்லி முடிக்கவில்லை.