நாற்காலி போடலாமா என்று கேட்டவர்

திங்கட்கிழமை காலை எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கரும்புச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பொங்கல் விழாவுக்கான கரும்பை மூவாரிலேயே வாங்கலாமா, ஜொகூர் பாருவிலிருந்து தருவிக்கலாமா என்று ஏழு மணிக்கே ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் லெட்சுமி அக்காவின் அழைப்பு வந்தது. சண்முகம் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது.

"தம்பி, சண்முகம் அண்ணே போயிட்டாங்க. வேலைக்குக் கிளம்பி காலுக்குச் சப்பாத்து மாட்டக் குனிஞ்சாங்களாம், அப்படியே சாஞ்சுட்டாங்க. ஆம்புலன்ஸ் வந்து பாத்துட்டு ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க. நீங்க சீக்கிரம் வாங்க லா."

செய்தியைக் குழுவில் போட்டேன். கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. 'ஆழ்ந்த இரங்கல்' என்று சிலர். கொஞ்ச நேரத்தில் ஒருவர் கேட்டார், "அப்போ சனிக்கிழமை விழா?" இன்னொருவர் பதில் போட்டார், "ஹால் புக் பண்ணியாச்சே." மறுபடியும் கரும்பு வந்துவிட்டது. ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்கூட அவர் அந்தக் குழுவில் தங்கவில்லை.

அன்று மாலை எங்கள் சங்கத் தலைவர் ராமநாதன் அழைத்தார். "செகரட்டரி, விழா மலர்ல அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கோம். அண்ணனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க." அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை என்ன, நாற்பது பக்கம் எழுதலாம். எங்களைப் பற்றி எழுதத்தான் நல்ல வார்த்தை அகப்படவில்லை. ஆகவே இது அந்த அரைப் பக்கத்துக்கு உரியது அல்ல.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சண்முகசுந்தரம் அருப்புக்கோட்டைக்காரர். இங்கே மலேசியாவில், மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பொறியாளராக இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். அதே தொழிற்சாலைக்கு நான் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு வந்து சேர்ந்த மூன்றாம் நாள், எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் மூன்றடுக்குத் தூக்கு. "நம்மூர்க்காரங்க யாராவது வந்து இறங்குனா எனக்கு மூக்குல வேர்த்துரும் தம்பி. புளிக்குழம்பு, அப்பளம், மோர். முதல்ல சாப்பிடுங்க, அப்புறம் பேர் சொல்லலாம்" என்றார். அழுதபடி பெட்டியைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்த என் மனைவி கலா, அன்றுதான் மூவாரில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த ஆண்டு பொங்கலை அவர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் வைத்தோம். மொத்தம் மூன்றே குடும்பம். பானை, மஞ்சள் கொத்து, மூன்று செங்கல் எல்லாம் லெட்சுமி அக்கா கொடுத்தவை. அவர் பெக்கோக் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த உள்ளூர்த் தமிழர். ஈர விறகு புகைந்து தள்ளியதில் எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் வீடு பற்றிக்கொண்டதென்று நினைத்து ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். அண்ணன் அவரை அடுப்புக்கு முன்னால் நிறுத்தி, பால் பொங்குவதைக் காட்டி, ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலையும் கொடுத்து அனுப்பினார். அடுத்த வருடம் அதே பெரியவர் குழாய்க்குப் பதில் நாற்காலியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

பிறகு ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் நம்மவர்கள் வந்தார்கள். மூன்று குடும்பம் பதினெட்டு ஆயிற்று. வீட்டு வாசல் போதாமல் பொதுமண்டபத்துக்குப் போனோம். தலைவர் வந்தார், செயலாளராக நான் வந்தேன், பேனர் வந்தது. அண்ணனுக்கு எந்தப் பதவியும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது அடுப்பு ஒன்றுதான். தீபாவளியோ பொங்கலோ, விடியற்காலையில் வந்து லுங்கியை மடித்துக் கட்டினால் கடைசி ஆள் கைகழுவும்வரை கரண்டி அவர் கையில்தான். "கடைசிப் பந்தியில யாரும் ஒத்தையா உக்காரக் கூடாது" என்பார். நேரங்கழித்து வருகிறவருக்குத் துணையாகத் தானும் ஓர் இலையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய தீபாவளி விழாவுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அன்று அவர் வழக்கம்போல் வந்தார். ஆனால் ஒரு பழைய பழுப்புச் சட்டை. "என்ன அண்ணா, தீபாவளிக்குப் புதுச்சட்டை கிடையாதா?" என்று கிண்டல் செய்தேன். "கரண்டி பிடிக்கிறவனுக்கு எதுக்குய்யா புதுச்சட்டை, எண்ணெய் தெறிக்கும்" என்றார். எப்போதும் குத்துவிளக்கை அவரும் அண்ணியும்தான் ஏற்றுவார்கள். அன்று கலாவை அழைத்து, "நீ ஏத்தும்மா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அண்ணி வரவில்லை, தலைவலி என்றார்கள். ரசத்தில் உப்பு இல்லை. "அண்ணனுக்கு வயசாயிருச்சுப்பா!" என்று ராமநாதன் பந்தியிலிருந்து குரல் கொடுக்க, எல்லாரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தபடி உப்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் போனார். கடைசிப் பந்தி முடிந்ததும், ஊருக்கு அவசரமாகப் போகிறேன் என்று மட்டும் சொல்லி விமான நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோதுதான் தாயார் இறந்த விஷயம் தெரிந்தது. துக்கம் கேட்கப் போனோம். போன இடத்தில் கருமாதிப் பத்திரிகை ஒன்று மேசைமேல் கிடந்தது. அதிலிருந்த தேதியை யாரோ ஒரு புண்ணியவான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார். அம்மா இறந்தது வெள்ளிக்கிழமை விடிகாலை. எங்கள் விழா சனிக்கிழமை. தாயைப் பறிகொடுத்த மூத்த மகன், தீட்டோடு வந்து, எங்கள் எல்லாருக்கும் சமைத்துப் பரிமாறியிருக்கிறார்!

அவ்வளவுதான், ஆடித் தீர்த்துவிட்டார்கள். ஒரு பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டது, தீட்டுச் சோறு. ஒருவருக்கு வேலை பெர்மிட் புதுப்பிப்பது தள்ளிப்போனது, தீட்டுச் சோறு. ராமநாதன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஓடாமல் நின்றதற்கும் அதுதான் காரணம். இத்தனைக்கும் எல்லாரும் படித்தவர்கள். ஒரு கம்ப்யூட்டர் நின்றுபோனால் ஏன் நின்றது என்று நாள்முழுக்கத் தேடிக் கண்டுபிடிக்கிறவர்கள். கமிட்டி கூடி, அண்ணனிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்தது. நானும் வெட்கமில்லாமல் போனேன்.

அண்ணன் டீ போட்டுக் கொடுத்தார். நான் கேட்காமலேயே சொன்னார். "தம்பி, ஊர்ல ரெண்டு நாள் வச்சிருக்க முடியாதுன்னுட்டாங்க. தம்பியே கொள்ளி வைக்கட்டும்னு பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க. நான் எப்படிப் பறந்தாலும் அம்மா முகத்தைப் பாக்க முடியாது. இங்க எழுபது எண்பது பேர் என்னை நம்பி வெறும் வயித்தோட வந்து நிப்பாங்க. வீட்ல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டு இருக்கிறதுக்கு, நாலு பேருக்குச் சோறு போட்டா அம்மாவுக்கும் சந்தோஷமா இருக்கும்னு தோணுச்சு. சாமி விளக்கை நான் தொடலையே தம்பி. புதுத்துணி உடுத்தல. ஒரு பருக்கை அங்க சாப்பிடல. தப்பா?"

தப்பே இல்லை அண்ணா என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் அதற்காகவா போயிருந்தது? "மத்தவங்க சங்கடப்படுறாங்க அண்ணா. ஒரு வருஷம் கழியட்டும். அதுவரைக்கும் அடுப்புப் பக்கம் வேண்டாமே" என்றேன்.

அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். "சரி தம்பி. நாற்காலி போடலாமா?"

அந்தக் கேள்விக்கு நான் "போடலாம் அண்ணா" என்று அனுமதி வேறு கொடுத்தேன். நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு விழாவுக்கும் எங்களுக்கு முன்னால் வந்து நாற்காலிகளை வரிசையாகப் போடுவார். முடிந்ததும் ஆறாறாக அடுக்கிச் சுவரோரம் வைத்துவிட்டுப் போவார். இடையில் எங்காவது வாசல் பக்கம் நின்று, வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருப்பார். பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு வருடம் கழிந்தது. தீட்டுக்குத்தான் கணக்கு உண்டே, பதினாறு நாள், மிஞ்சினால் ஒரு வருடம். எங்கள் மனதுக்கு எந்தக் கணக்கும் இல்லை. அதற்குள் சமையலுக்கு வெளியாட்களை வைத்துக்கொண்டோம். ருசி இல்லை என்று எல்லாரும் முணுமுணுத்தோம். அண்ணனைக் கூப்பிடலாம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. என் வாயிலிருந்தும் வரவில்லை.

போன தீபாவளி விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது என்னை அருகில் அழைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, பொங்கலுக்காவது உள்ளே வரலாமா? சமைக்கல. பால் பொங்குறப்ப பக்கத்துல நின்னு பாத்துட்டு வந்துடுறேன்."

"பேசிட்டுச் சொல்றேன் அண்ணா" என்றேன்.

யாரிடமும் பேசவில்லை. பேசினால் ராமநாதன் முகத்தைச் சுளிப்பார், எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். இரண்டு முறை வழியில் பார்த்தபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது சப்பாத்து மாட்டக் குனிந்தார்.

கோவையிலிருந்து அவர் மகள் வந்து சேர்ந்ததும் செவ்வாய்க்கிழமை மாலை எடுத்தோம். அதற்குள் குழுவில் ராமநாதன் ஓர் அறிவிப்புப் போட்டிருந்தார். சனிக்கிழமை அடுப்பு மூட்ட வேண்டியிருப்பதால் கமிட்டி ஆட்கள் சாவு வீட்டுக்குப் போக வேண்டாம், மற்றவர்கள் போனால் தலைக்குக் குளித்துவிட்டு வரவும். நான் அவரை அழைத்தேன். "விழாவைத் தள்ளி வைக்கலாமே. அவரில்லாம இந்தச் சங்கமே இல்ல" என்றேன்.

"உணர்ச்சிவசப்படாதீங்க செகரட்டரி. வருத்தம் எல்லாருக்கும் இருக்கு. ஆனா அவர் நமக்கு என்ன பங்காளியா, ரத்த சொந்தமா? நமக்கு எப்படித் தீட்டு வரும்?"

எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம்! மூன்று வருடத்துக்கு முன் அவர் தாயாரின் தீட்டு, கடல் கடந்து வந்து, எங்கள் பதினெட்டு வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. அவரே செத்துக் கிடக்கும்போது எங்களுக்கு ஒட்டவில்லை. ஒதுக்கி வைக்க அவர் எங்களுக்குச் சொந்தம். அழுவதற்கு யாரோ.

மூவார் மயானத்துக்கு எங்கள் பதினெட்டு வீட்டிலிருந்து வந்தது ஐந்து பேர். தாமான் என்று சொல்லும் அந்தக் குடியிருப்பு முழுக்க இருந்த உள்ளூர்த் தமிழர்கள் வந்திருந்தார்கள். எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் தன் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். லெட்சுமி அக்கா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"உங்க சங்கத்து ஆளுங்க மத்தவங்க எங்க தம்பி?"

"பொங்கல் வருதுல்ல அக்கா" என்று இழுத்தேன்.

"அலமாக்! எங்களுக்கு மட்டும் பொங்கல் வரலையா? எங்க எஸ்டேட்ல ஒரு சாவுன்னா மொத்த லயத்து வீடும் வந்து நிக்கும். அண்ணே கையால சாப்பிடாத வாய் ஒண்ணு உண்டா உங்க சங்கத்துல? நல்ல ஆளுங்க லா நீங்க."

தலையைக் குனிந்துகொண்டேன்.

வியாழக்கிழமை பொங்கலன்று எங்கள் வீட்டில் கலா பானை வைக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. சனிக்கிழமை காலை சோறும் ரசமும் எடுத்துக்கொண்டு இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க ஆட்கள் வருவார்கள் என்று, வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை லெட்சுமி அக்கா வாசலில் இறக்கி வைத்திருந்தார். அவற்றைப் பிரித்து வரிசையாகப் போட ஆரம்பித்தேன். முன்பு பானை வைத்த அதே இடம். இன்னும் தரையில் புகைக் கறை இருந்தது.

ராமநாதன் போன் செய்தார். பின்னால் ஒலிபெருக்கியில் பாட்டு.

"செகரட்டரி, எங்க இருக்கீங்க? ஜனங்க வந்துட்டாங்க. நாற்காலியெல்லாம் சுவரோரம் அடுக்கினபடியே கிடக்கு. யார் போடுறது?"

"தெரியலைங்க. நான் இங்க அண்ணன் வீட்ல போட்டுட்டு இருக்கேன்."

"என்னங்க விளையாடுறீங்க? இப்ப அங்க போயிட்டு இங்க எப்படி வருவீங்க?"

"வரலைங்க. எனக்குத் தீட்டு."

"உங்களுக்கு எப்படித் தீட்டு? அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்" என்றேன். பிறகு மூன்று வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததையும் சொன்னேன். "அவர் சமைச்சுப் போட்டதுல ஒரு தப்பும் இல்ல, ராமநாதன். அவரைப் பொங்கலுக்கு அடுப்புப் பக்கம் கூப்பிட்டிருக்கணும். கேட்டார். நான்தான் உங்ககிட்டச் சொல்லல."

போனை வைத்துவிட்டேன்.

மதியம்வரை அந்த நாற்காலிகளில் தாமான்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். எங்கள் சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சொல்லாமல்தான் எழுந்து வர வேண்டும். ஆகவே உங்களிடமும் நான் சொல்லிக்கொள்ளவில்லை, அண்ணா. மாலையில் நாற்காலிகளை, நீங்கள் வைப்பதைப் போலவே, ஆறாறாக அடுக்கிவிட்டு வந்தேன். பேசிட்டுச் சொல்றேன் என்றேன் அல்லவா? இன்றைக்குத்தான் பேசினேன்.