ஒரு கோயில் தள்ளி

வேன் நிறுத்துமிடத்தில் அவருக்குக் கல்வெட்டு என்று பெயர். மற்ற ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. வாயைத் திறந்து ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை யாராலும் அழிக்க முடியாது என்பதுதான் காரணம்.

ஊரைச் சுற்றி மூன்று பழைய கோயில்கள் இருந்தன. காலையில் கோட்டைக் கோயில், மதியம் ஆற்றங்கரைக் கோயில், மாலையில் பாறைக் கோயில். எங்கிருந்தெல்லாமோ வரும் ஜனங்களை இந்த மூன்றுக்கும் சுற்றிக் காட்டுவதுதான் கல்யாணமான நாளிலிருந்து அவருடைய பிழைப்பு. சும்மா ஓட்டமாட்டார். கண்ணாடியில் பின்னிருக்கைகளைப் பார்த்துக்கொண்டே ஆரம்பிப்பார்.

"ஆத்தங்கரைக் கோயிலுக்குப் போனா அந்தக் கல் சங்கிலிய மட்டும் விட்டுடாதீங்க. ஒரே கல்லு. வளையத்துக்குள்ள வளையம். தொட்டா ஆடும். எவன் செஞ்சானோ, அவன் கைக்கு முத்தம் குடுக்கணும்."

கேட்பவர்கள் இறங்கும் முன்பே காமிராவைத் திறந்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் போனதில்லை. பயணிகள் உள்ளே போனதும் வேனை நிழலில் போட்டுவிட்டு உட்காருவார். அரை மணிக்கொரு தரம் நிறுத்துமிடக்காரர் விசில் ஊதி, "அதை எடு, இங்க போடு" என்று விரட்டுவார். வண்டியை விட்டு நகர முடியாது. ஓய்வு நாளில் தூக்கம்தான் பெரிதாகப் பட்டது. கோயில் எங்கே ஓடிவிடப் போகிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றே வருஷங்கள் போய்விட்டன. அவருக்குத் தெரிந்ததெல்லாம் திரும்பி வந்து வேனில் ஏறியவர்கள் பேசிக்கொண்டது. அந்தப் பேச்சை வைத்தே மண்டபம், தூண், சுவர் என்று மூன்று கோயில்களையும் மனதுக்குள் கட்டி வைத்திருந்தார். நாளாக ஆக, பார்த்தது எது, கேட்டது எது என்ற வித்தியாசமே அவருக்கு மறந்துபோனது.

இப்போது சிக்கல் கண்ணில் வந்தது. பகலில் ஒரு குறையும் இல்லை. இருட்டிவிட்டால், எதிரே வரும் வண்டியின் விளக்கு பட்டதும் சாலை முழுக்க வெள்ளையாகிவிடும். ரயிலடியிலிருந்து ஆட்களைக் கூட்டிவரும் இரவு ஓட்டம் எல்லா ஓட்டுநர்களுக்கும் முறை வைத்து வரும். அவருடைய முறை வரும்போதெல்லாம் வீட்டில் சோறு இறங்காது.

"மொதலாளிகிட்ட சொல்லித் தொலைங்களேன்" என்றாள் மனைவி. அவள் தையல்காரி. வாயில் ஊசி இருந்தாலும் பேச்சு நிற்காது.

"சொன்னா சாவிய வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போன்னுடுவாரு."

"சாவிய வாங்கினா வாங்கட்டும். உங்கள நான் ஆஸ்பத்திரியில போய் வாங்கிட்டு வராம இருக்கணும் பாருங்க."

அந்தச் சமயத்தில்தான் முதலாளி புதிதாக ஒரு வேலையை அறிவித்தார். பயணிகளோடு உள்ளேயே போய் விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பகல் ஓட்டம் மட்டும்தான், இரவு கிடையாது. கல்வெட்டு முந்திக்கொண்டு கேட்டார்.

"உன்ன விட்டா வேற யாரு?" என்றார் முதலாளி. "ஞாயித்துக்கிழமை என் மாமியார் வர்றாங்க. அவங்களால ஒரு கோயிலுக்கு மேல நடக்க முடியாது. ஆத்தங்கரைக் கோயிலக் காட்டு. நானும் கூட வர்றேன். அவங்க வாயால நல்லா இருக்குன்னு வந்துட்டா வேலை உனக்குத்தான். ஆனா அந்த வாயிலேர்ந்து நல்ல வார்த்தை வர்றது கஷ்டம், பாத்துக்க."

"ஒரு எட்டு உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றாள் மனைவி, வீட்டில் இதைக் கேட்டதும்.

"நான் பாக்காததா?" என்று சிரித்தார் அவர். சொன்ன பிறகுதான் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. பிறகு, ஆயிரம் பேருக்குச் சொன்ன கதைதானே என்று தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பினார்கள். மாமியார் குள்ளம், கனத்த உடம்பு, கையில் தடி. வழியெல்லாம் கல்வெட்டு பேசினார். மாமியார் குறுக்கிடாமல் கேட்டார். முதலாளிக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

வாசலைத் தாண்டியதும் நீண்ட பிராகாரம் வந்தது. அவர் நினைத்ததைவிட இருட்டாக இருந்தது, வௌவால் நாற்றம் அடித்தது. யாரும் வேனில் அதைச் சொன்னதில்லை. ஜனங்கள் போகும் பக்கமே நடந்து எப்படியோ மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்.

"இந்த மண்டபத்து மூலையிலதாம்மா அந்தச் சங்கிலி" என்று கையை நீட்டினார்.

மூலையில் சங்கிலி இல்லை. அடுத்த மூலையிலும் இல்லை. நான்கு மூலையும் பார்த்தாயிற்று. மாமியார் தடியை ஊன்றி நின்றார்.

"என்ன தம்பி, கழட்டிட்டுப் போயிட்டாங்களா?"

தூணில் சாய்ந்திருந்த காவலாளி காதில் இது விழுந்தது. அவர் அலுத்துக்கொண்டே வந்தார். "கல் சங்கிலிதான? அது இங்க இல்லம்மா. கோட்டைக் கோயில்ல இருக்கு. வாரத்துக்கு நாலு பேராவது வந்து என் உயிர வாங்கறாங்க. எவனோ ஒரு புண்ணியவான் கிளப்பி விட்டிருக்கான்."

கல்வெட்டுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. கோட்டைக் கோயிலைப் பார்த்துவிட்டு ஏறுகிறவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். ஆற்றங்கரையைப் பார்த்துவிட்டு ஏறும்போதுதான் போனை எடுத்து, காலையில் பிடித்த முதல் படத்திலிருந்து தள்ளிப் பார்த்துப் பேசுவார்கள். அப்போது அவர் காதில் விழுந்ததெல்லாம் முந்தைய கோயிலின் கதை. அதை அவர் அப்போதுதான் விட்டு வந்த கோயிலின் கணக்கில் எழுதிக்கொண்டார். ஒன்றில்லை, எல்லாமே ஒரு கோயில் தள்ளி இருந்தது. இத்தனை காலம் யாரும் சண்டைக்கு வரவில்லை. கூட்டத்தில் தாங்கள்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று அவரவர் நினைத்திருப்பார்கள்.

முதலாளியின் முகம் சிவந்திருந்தது. "என்னய்யா இது?"

மென்று விழுங்குவதில் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்தது. "நான் இதுக்குள்ள வந்ததே இல்ல மொதலாளி. இன்னிக்குத்தான் மொத தடவ."

"அப்புறம் என்ன தைரியத்துல இந்த வேலையக் கேட்ட?"

"ராத்திரியில கண்ணு தெரியல. எதிர் விளக்கு பட்டா ரோடே தெரிய மாட்டேங்குது. சொன்னா அனுப்பிடுவீங்கன்னு பயம்."

"அடப்பாவி! கண்ணு தெரியாமத்தான் ஆளுங்கள ஏத்திக்கிட்டு வந்தியா?"



"மாப்ள, திட்டறத வெளிய போய் வச்சுக்குங்க" என்றார் மாமியார். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. இல்லாதத விட்டுட்டு இருக்கறதப் பாப்போம். தம்பி, நீயும் வா. பாக்காத ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்."

பார்த்தார்கள். தூண்களில் முன்கால் தூக்கிய குதிரைகள் இருந்தன. விதானத்தில் பாதி உதிர்ந்த சிவப்பும் பச்சையுமாக ஓவியம் இருந்தது. கல்வெட்டு வாயே திறக்கவில்லை. ஒரு தூணின் அடியில், காலில் தைத்த முள்ளைக் குனிந்து எடுக்கும் ஒரு சின்ன உருவத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கூப்பிட்டு எழுப்பிப் போக வேண்டியிருந்தது.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. முதலாளி கையை நீட்டினார். கல்வெட்டு சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வண்டி பாதி தூரம் வந்திருந்தது.

"கைடு வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

"சரிங்க."

"ராத்திரி ஓட்டமும் உனக்குக் கிடையாது. மொதல்ல கண்ணு டாக்டரப் போய்ப் பாரு. பகல்ல நம்ம ஸ்கூல் வண்டிய ஓட்டு. பசங்ககிட்ட எந்தக் கோயில் கதையும் வேண்டாம்."

"சரிங்க" என்றார் மறுபடியும். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். வேலை கிடைத்தது என்பதா, போனது என்பதா?

எதிரே ஒரு லாரி வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டு போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே சொன்னார்: "பாலம் தாண்டினதும் எடது பக்கம் பெரிய பள்ளம் மொதலாளி. ஒடிச்சுப் போங்க."

"கண்ணுதான் தெரியலன்னியே?"

"பள்ளமெல்லாம் மனப்பாடம்."

பின்னாலிருந்து மாமியார் கேட்டார்: "ஏன் தம்பி, இதையாவது நீ நேர்ல பாத்ததா, இல்ல இதுவும் யாராவது சொன்னதா?"

முதலாளி சிரித்துவிட்டார். சிரித்ததில் திருப்ப மறந்தார். வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

"இருக்கு" என்றார் மாமியார், தலையைத் தடவிக்கொண்டே.